விலைக்கட்டம்

மலேசியாவின் பினாங்கில் ஒரு கடலுணவு நிறுவனத்தில் ஒன்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் தராசு முன்னால் நிற்க வேண்டும். படகுக்காரர்கள், மலாயில் கெத்தாம் பூங்ஙா என்று சொல்லும் பூ நண்டைக் கூடை கூடையாக இறக்குவார்கள். ஒவ்வொரு நண்டையும் புரட்டி வயிற்றோட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான், சதை இருக்காது. அதைத் தனியாக வைத்துவிட்டு மீதியை எடை போடுவேன். அமாவாசை நண்டுக்குத்தான் சதை என்று அம்மா சொல்வது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

சீட்டில் எடை எழுதியாகிவிடும். விலைக்கட்டம் மட்டும் காலியாக இருக்கும். "அதை விட்டுடு தம்பி, தவுக்கே வந்து சொல்லுவாரு" என்று ஸ்டோர் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டு மணிக்கு மேல் முதலாளியான தவுக்கே வருவார், ஒரு எண் சொல்வார், நான் எழுதுவேன். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்த ஒரு பாக் சிக், வயதான மலாய் மீனவர், சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். என்ன பேச முடியும்? நண்டு தராசில் ஏறிவிட்டது, வெயிலும் ஏறுகிறது, படகு எஞ்சினுக்குக் கொடுத்த கடனும் தவுக்கேயின் நோட்டில்தான் இருக்கிறது.

பிறகு என்னை இறக்குமதிப் பக்கம் மாற்றினார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து உறைந்த பனி நண்டுக் கால்கள் வரும், ஹோட்டல்களுக்குக் கொடுப்போம். அங்கே படகு கிளம்பும் முன்பே விலை பேசுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

1971-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே நண்டு பிடிக்கும் மீனவர்கள் படகும் உரிமமும் சொந்தமாக வைத்திருப்பவர்கள்தான், யாருக்கும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. ஆனாலும் சங்கமாகச் சேர்ந்து, நண்டை வாங்கிப் பதப்படுத்தும் ஆலைக்காரர்களோடு விலை பேச அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பேச்சு முறிந்தால் மூன்று பேர் கொண்ட விலை நிர்ணயக் குழுவிடம் போகும். 2006-லிருந்து இருக்கும் குழு அது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விலை கொடுக்க, குழு அதில் ஒன்றை எடுப்பதுதான் அப்போதைய முறை. நடுவில் வெட்டிப் பங்கு வைப்பதில்லை. யாராவது அநியாயத்துக்கு ஏற்றியோ இறக்கியோ சொன்னால் எதிராளியின் விலை ஜெயித்துவிடும் என்ற பயத்தில் இரண்டு பேரும் நியாயத்தை நெருங்கி வருவார்கள் என்பது கணக்கு. முடிவாகும் விலைக்கு மேலே கொடுக்கலாம், கீழே போகக்கூடாது.

அந்தக் கணக்கும் மீனவருக்கு எப்போதும் கைகொடுப்பதில்லை. 2022-ல் சீசன் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு 7.60 கனடிய டாலர். அடுத்த ஏப்ரலில் குழு எடுத்தது ஆலைக்காரர்கள் கொடுத்த 2.20. அமெரிக்காவில் வாங்குவோர் குறைந்து சரக்கு தேங்கிப்போயிருந்தது உண்மைதான். ஆனால் டீசலும் இரையும் பாதி விலைக்கா வந்தன? மீனவர்கள் படகைக் கட்டிப்போட்டார்கள். ஆறு வாரம் போல ஒருவரும் போகவில்லை. சீசன் தள்ளிப்போனால் ஓடு கழற்றிய மென்நண்டுதான் கூடுதலாக மாட்டும், அது விலை போகாது. அது தெரிந்தும் கரையில் நின்றார்கள். 2024 மார்ச்சில் மாகாணத் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் சட்டமன்றக் கட்டிடத்தையே மறித்து, பட்ஜெட் தாக்கலை ஒரு நாள் தள்ளிப்போக வைத்தார்கள். மாகாணத்துக்கு வெளியிலிருந்து வாங்குவோருக்கும் விற்க விடுங்கள் என்பது அப்போது அவர்களின் பெரிய கோரிக்கை.

2023-ல் அந்த ஆறு வாரமும் ஹோட்டல்காரர்கள் என்னைத்தான் போனில் திட்டினார்கள். எனக்கு அந்த மீனவர்கள் மேல் கோபமே வரவில்லை. 2.20 என்பது அடிமாட்டு விலையாக இருக்கலாம். அதைக் கரையில் இருக்கும்போதே கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. நம் பாக் சிக் அதே மாதிரி ஒரு விலையை, நண்டைக் கூடையோடு கொடுத்த பிறகு கேட்கிறார். தீபாவளி வந்தால் தேங்காய்க்கும் பருப்புக்கும் இங்கே அரசாங்கம் உச்ச விலை போடுகிறது, வாங்குகிற நமக்கு அது நல்லதுதான். பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு அடி விலை ஒன்று வேண்டாமா?

அந்த வருடம் தவுக்கேயிடம் ஒன்று கேட்டேன். நாளைய விலையை இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள், நான் போன் போட்டுச் சொல்கிறேன் என்றேன். முணுமுணுத்தார், அப்புறம் சரி என்றார். மூன்றாம் நாள் விலையைக் கேட்ட பாக் சிக், "எண்ணெய்க் காசுகூடத் தேறாது, நான் போகவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்னும் நான்கு பேர் அதையே சொன்னார்கள்.

மறுநாள் காலை தராசு காலியாகக் கிடந்தது. அன்று சாயங்காலம் தவுக்கே கிலோவுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) ஏற்றிச் சொன்னார்.