அரை மார்க்கில் நின்ற டோபாலஜி

கல்லூரியே போடும் இன்டர்னல் 21, செமஸ்டர் பரீட்சையின் எக்ஸ்டர்னல் 35, மொத்தம் 56. எம்.எஸ்சி.க்குப் பாஸ் மார்க் 50. கூட்டிப் பார்த்தால் ஆறு மார்க் மிச்சம். ஆனால் கடைசிக் கட்டத்தில் 'ஆர்.ஏ.' என்று இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனைக் குறுக்கே நெடுக்கே திருப்பிப் பார்த்தேன். மற்ற நான்கு பேப்பருக்கும் பக்கத்தில் 'பி' இருந்தது. டோபாலஜி என்ற கணக்குப் பேப்பருக்கு மட்டும் 'ஆர்.ஏ.'. ரீஅப்பியர், அதாவது திரும்ப எழுது. நல்ல தமிழில் அரியர்.

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் டிபார்ட்மென்ட் சீனியர் அக்காவுக்குப் போன் போட்டேன். "எக்ஸ்டர்னல் எவ்ளோடி?" என்றாள். 35 என்றேன். "அப்ப அரியர்தான். டோட்டலை யாரு கேட்டா?" என்று வைத்துவிட்டாள்.

ஒன்றரை வருடம் படித்த பிறகும் எனக்குப் பாஸ் விதி தெரியாமல் இருந்தது. அதுதான் இதில் பெரிய வெட்கம். எங்கள் படிப்பில் ஒரு பேப்பருக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. பாஸாக இரண்டு நிபந்தனை. மொத்தம் 100-இல் 50 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னல் 75-இல் தனியாகப் பாதி வேண்டும். 75-இல் பாதி 37.5. பாஸ் மார்க்கில் அரை வைக்க மாட்டார்கள், மேலே தள்ளி 38 ஆக்கிவிடுவார்கள். இன்டர்னலுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது.

இதை அப்படியே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இன்டர்னல் 12 இருந்தால் 38-உடன் சேர்ந்து சரியாக 50. அதற்கு மேல் இன்டர்னலில் எவ்வளவு வாங்கினாலும் பாஸாவதற்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, சதவீதம் ஏறும், அவ்வளவுதான். 12-க்குக் கீழே போனால்தான் அது கடிக்கும். என் வகுப்பில் ஒருத்திக்கு இன்டர்னல் 8. அவள் எக்ஸ்டர்னலில் 42 எடுத்தால்தான் பாஸ். எடுத்தாள். நான் செமினாருக்கு ராத்திரி முழுக்க விழித்து சார்ட் வரைந்து 21 வாங்கிவிட்டு, 38 எடுக்க முடியாமல் நின்றேன்.

அது நவம்பர் 2024 பரீட்சை. கடலூர்க்காரர்களுக்கு நவம்பர் பரீட்சை என்றாலே மழையோடு சேர்ந்ததுதான். அந்த வருடம் பெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். பரீட்சை தள்ளிப்போனது. டோபாலஜி நோட்டு கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்து ஊறிப்போனது. பால்பாயின்ட் எழுத்து தப்பித்தது, ஜெல் பேனாவில் எழுதிய தேற்றமெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. தள்ளிப்போன நாட்களில் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கரண்ட் வந்ததே நாலு நாள் கழித்து. ஆனால் நேர்மையாகச் சொன்னால் மழை மட்டும் காரணம் இல்லை. டோபாலஜியை நான் கதை மாதிரி படித்தேன். நிரூபணத்தை எழுதிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா, "பெயிலாடி?" என்றாள். தாத்தாதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அரியர்ஸ்னா நல்லதுதானேம்மா, எவ்வளவு வருது?" என்று கேட்டார். ரிட்டையர்ட் வாத்தியார். அகவிலைப்படி அரியர்ஸ் தவிர வேறு அரியர்ஸ் அவருக்குத் தெரியாது. சிரித்துவிட்டேன், கொஞ்சம் அழுகையும் வந்தது.

அம்மாவுக்கு ஒன்றைப் புரிய வைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். இங்கே அப்படி இல்லை. அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட பேப்பரை மட்டும் அடுத்த முறை எழுதினால் போதும். வகுப்புக்குத் திரும்பப் போக வேண்டாம், இன்டர்னல் 21 அப்படியே நிற்கும். வருகைப் பதிவு குறைந்தவர்கள் பாடுதான் மோசம். எங்கள் கல்லூரியில் 75 சதவீதத்துக்குக் கீழே போய் 65 வரை இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே என்றால் அந்த முறை ஹால் டிக்கெட்டே வராது. 50-க்குக் கீழே இறங்கினால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அப்படி ஒரு பையன் எங்களுக்கு ஜூனியரோடு உட்கார்ந்தான். அதைப் பார்த்தவர்களுக்கு அரியர் ஒரு பொருட்டாகவே தெரியாது.

சரி, என்ன செய்வது? மூன்று வழி: விடைத்தாள் நகல் வாங்குவது, மறுகூட்டல், மறுமதிப்பீடு. நிறையப் பேர் நேரே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுச் சாமியைக் கும்பிடுகிறார்கள். என் ஹெச்.ஓ.டி. மேடம், "முதல்ல போட்டோகாப்பி வாங்கு. நீ என்ன எழுதியிருக்கன்னு உனக்கே தெரியாது" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

நகல் பி.டி.எஃப்.ஆக வந்தது. போனில் படிக்க முடியவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எங்கள் கேள்வித்தாள் மூன்று பகுதி. இரண்டு மார்க் பத்துக் கேள்வி, இதுவா அதுவா என்று ஐந்து மார்க் ஐந்து, ஐந்தில் மூன்று என்று பத்து மார்க் மூன்று. 20, 25, 30, ஆக 75. எனக்கு முதல் பகுதியில் 13, நடுவில் 12, கடைசியில் 10.

பெரிய கேள்வி ஒன்று யூரிசான் லெம்மா என்ற தேற்றத்தின் நிரூபணம். இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். எட்டு மார்க்காவது வராதா என்று கணக்குப் போட்டு வைத்திருந்த கேள்வி அது. விகிதமுறு எண்களுக்கு ஒவ்வொன்றாகத் திறந்த கணம் அமைப்பது வரை ஒழுங்காக இருந்தது. பிறகு சார்பை வரையறுத்திருந்தேன். அதற்கடுத்து ஒரே வரி: 'எனவே இச்சார்பு தொடர்ச்சியானது.' அந்த வரியின் கீழே சிவப்பில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. 4 மார்க். அந்த லெம்மாவில் உயிரே அந்தத் தொடர்ச்சியை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. நான் அதை 'எனவே' என்ற ஒரு சொல்லால் தாண்டியிருக்கிறேன். திருத்தியவர் மேல் இருந்த கோபம் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் போய்விட்டது. நானாக இருந்தால் 3 போட்டிருப்பேன்.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏழாவது இரண்டு மார்க் கேள்வியை விட்டுவிட்டு, நேரம் முடியும்போது கடைசிப் பக்கத்தில், கூடுதல் தாளில் எழுதியிருந்தேன். அதன் மேல் எந்தக் குறியும் இல்லை. டிக்கும் இல்லை, சுழியும் இல்லை. பார்க்காமலே விட்டிருக்கிறார்கள். மேடமிடம் காட்டினேன். "இதுக்கு 2 வரும். யூரிசான்ல 1 ஏறினா ஏறும். போட்டுப் பாரு" என்றார். 35-உடன் மூன்று சேர்ந்தால் 38. மறுமதிப்பீட்டுக்குக் கட்டினேன்.

இங்கேதான் நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். மறுமதிப்பீட்டு முடிவு வரும் முன்பே ஏப்ரல் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி வந்துவிட்டது. நான்காம் செமஸ்டர் பேப்பர்களுக்குக் கட்டப் போனவள், டோபாலஜியை எழுதாமல் விட்டேன். அதுதான் பாஸாகப் போகிறதே! ஆபீஸில் விண்ணப்பத்தை வாங்கிய அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அரியர் பேப்பர் எங்கம்மா?"

"ரீவேல்யூவேஷன் போட்டிருக்கேண்ணா. வந்துடும்."

"வந்தா ஒரு பேப்பர் காசு போச்சு, அவ்ளோதான். வரலைன்னா? நவம்பர் வரைக்கும் உக்காந்திருப்பியா? எழுது எழுது."

எழுதினேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது அரியர் இருந்தால் இந்த ஒரு பத்தி போதும். மறுமதிப்பீடு போட்டிருந்தாலும் அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிவிடுங்கள். கூட்டாளிகள் இரண்டு பேர் இப்படி ஆறு மாதத்தைத் தொலைத்தார்கள்.

மறுமதிப்பீட்டு முடிவு வந்தது. விட்டுப்போன கேள்விக்கு 2 போட்டிருந்தார்கள். யூரிசான் ஏறவில்லை. 37. பாதி 37.5, நான் 37. நேரில் போய், "அரை மார்க்தானே சார்" என்று கேட்டும் பார்த்தேன். கவுன்டரில் இருந்தவர் கோபப்படவில்லை. "அரை மார்க் இல்லம்மா, ஒரு மார்க். 38-தான் ரூல்" என்றார். வாதம் செய்ய இடமில்லை.

அரியர் என்றதும் 2020 ஞாபகம் வரும். அந்த ஆகஸ்டில், கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம், இறுதி செமஸ்டர் தவிர, அரியர் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. ஊரெங்கும் முதல்வருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர். அப்புறம் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அப்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன், அண்ணன்கள் ஆடியதைப் பார்த்துச் சிரித்தேன். 37-ஐப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

ஏப்ரலில் படித்த முறையை மாற்றினேன். பழைய கேள்வித்தாள்கள் பத்து சேர்த்தேன். பெரிய கேள்விகளில் யூரிசான், டீட்ஸே, டிகனாஃப், டியூப் லெம்மா என்று ஏழெட்டுதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றையும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதினேன். 'எனவே' வரும் இடத்தில் நிறுத்தி, ஏன் என்று ஓரத்தில் எழுதினேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப ஏன்னு சொல்லு" என்பார். கணக்கு வாத்தியார் இல்லை, தமிழ் வாத்தியார். ஆனால் நான் திணறும் இடம் அவருக்குச் சரியாகத் தெரிந்துவிடும்.

கத்திரி வெயிலில் பரீட்சை. காலையில் பங்ஷனல் அனாலிசிஸ், அதே நாள் மதியம் டோபாலஜி. நடுவில் வேப்பமரத்தடியில் அம்மா கொடுத்த தயிர்சாதம். அரியர் ஹாலில் எல்லாத் துறையும் கலந்து இருக்கும். எனக்கு முன்னால் எம்.காம். அண்ணன் ஒருவர், படிப்பை முடித்துவிட்டு சிப்காட்டில் வேலைக்குப் போகிறவர், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "எனக்கு இதோட கடைசி சான்ஸ்மா" என்றார். இரண்டு வருடப் படிப்புக்கு மேல் இன்னும் இரண்டு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் யு.ஜி.சி. சொல்லும் பொது வரம்பு. அதற்குள் பாடத்திட்டமும் மாறிவிட்டால், பழைய பேப்பருக்குச் சமமான புதிய பேப்பரை எழுத வேண்டிவரும். அவருக்கு அதுதான் பயம்.

யூரிசான் வந்தது. தொடர்ச்சிக்கு மட்டும் முக்கால் பக்கம் எழுதினேன். எக்ஸ்டர்னல் 46, மொத்தம் 67.

அரியர் வைத்ததால் எனக்குப் போனது ரேங்க். எங்கள் விதியில் ரேங்க், டிஸ்டிங்ஷன் இரண்டும் முதல் முறையிலேயே எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு மட்டும். முதல் வகுப்பு போகவில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 50 சதவீதம் கேட்கிறார்கள். அதற்கும் இடையூறு இல்லை. பாண்டியில் படிக்கும் என் சித்தி மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் 38-தானாக்கா?" என்றாள். அவளுக்கு இன்டர்னலே 40, எக்ஸ்டர்னல் 60. என் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. சேர்ந்த வருடத்து ரெகுலேஷன் பி.டி.எஃப்.பை எடுத்து, 'பாஸிங் மினிமம்' என்ற பத்தியைப் படி என்றேன். நான் அதை முதல் செமஸ்டரில் படிக்கவில்லை.

மொத்த மார்க்‌ஷீட் போன மாதம் கைக்கு வந்தது. மூன்றாம் செமஸ்டரில் நான்கு வரிக்கு டிசம்பர் 2024, டோபாலஜிக்கு மட்டும் மே 2025. பழைய 'ஆர்.ஏ.' மார்க்‌ஷீட்டைக் கிழித்துப் போடலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், சில இடங்களில் எல்லா முயற்சியின் மார்க்‌ஷீட்டையும் கேட்கிறார்கள் என்றேன். லேமினேஷன் போடட்டுமா என்றார் கடைக்காரர். அதுவும் வேண்டாம் என்று, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வாங்கி வந்தேன்.