மவுசாக்கலைக்குள் ஒரு கோவில்

பலர் சேர்ந்து வரையும் ஜேம்போர்ட் என்ற வெண்பலகை ஆப்பை கூகுள் 2024 டிசம்பர் 31ஓடு மூடிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கொள்கைதான். பிள்ளைகள் சேர்ந்து வரைந்ததை என் கையில் கோப்பாகத் தராத எந்த வெண்பலகை ஆப்பும் என் பாடத்துக்கு வேண்டாம். மிரோ என்ற ஆப் அழகுதான். ஆனால் இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய போர்ட் மூன்றே மூன்று. அதை வைத்து ஒரு தவணைகூட ஓடாது. ஈமெயில் கேட்கிற இடத்திலேயே எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். போன் அப்பாவுடையது, ஜீமெயில் டவுனில் போன் கடைத் தம்பி போட்டுக் கொடுத்தது, பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது.

அதனால் எக்ஸ்காலிட்ரோ என்ற வெண்பலகை. கணக்கு வேண்டாம், வட்ஸ்அப் குரூப்பில் லிங்கைப் போட்டால் போதும். தமிழில் அடித்தால் அதன் கையெழுத்து மாதிரி எழுத்துரு வராது, போனில் உள்ள எழுத்துதான் விழும். பரவாயில்லை, வாசிக்க முடிகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவர விடமாட்டோம். ஆகவே இரவு ஏழு மணிக்குப் பிறகுதான், அதுவும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு போனுக்கு மூன்று தலை. பாடம் களனி கங்கை. அதன் கிளை ஆறுகளான மஸ்கெலி ஓயாவையும் கெசல்கமு ஓயாவையும் இரண்டு நீலக் கோடுகளாக நான் வரைந்து, அவற்றை லொக் பண்ணிவிடுவேன். இல்லாவிட்டால் யாராவது ஆற்றையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மவுசாக்கலை, காசல்ரீ, நோர்ட்டன் நீர்த்தேக்கங்கள் எல்லாம் பிள்ளைகள் வேலை.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை. அன்று மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சதுரமும் அதன்மேல் முக்கோணமும் போட்டாள். உடனே ஒருவன் அழித்துவிட்டு, "தண்ணிக்குள்ள வீடாடி?" என்று எழுதினான். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி அதே இடத்தில் வரைந்து, பக்கத்தில் எழுதினாள்: "பழைய மஸ்கெலியா கோயில். தண்ணி வத்துனா தெரியும். அப்பாயி சொன்னிச்சு."

அதற்குப் பிறகு யாரும் அழிக்கவில்லை. ஒருத்தி கடைவீதி போட்டாள். அழித்தவனே ஒரு ரோட்டை வரைந்து தண்ணீருக்குள் இறக்கினான். 1960களில் அணை கட்டியபோது பழைய நகரம் மூழ்கியதை நான் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எழுந்து நின்று பேசச் சொன்னால் அந்தப் பிள்ளை அப்பாயியைப் பற்றி வாய் திறந்திருக்கமாட்டாள், அதுமட்டும் நிச்சயம்.

இதற்கெல்லாம் ஸ்மார்ட் போர்ட் வந்தால்தான் முடியும் என்று கூட்டங்களில் பேசுவார்கள். வரட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆனால் அதன் முன்னாலும் ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் நிற்கலாம்.

வரைந்ததைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன், படமாகவும் எடுத்து குரூப்பில் போட்டாயிற்று. காசல்ரீக்கு அடியில் என்ன இருக்கிறது டீச்சர் என்று இப்போதே கேட்கிறார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறேன்.