இமையில் தொடங்கும் வீக்கம்

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிறு காலை. வீடியோ அழைப்பில் என் முகத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது இதுதான்: "என்னடி மூஞ்சி இப்படி வீங்கிக் கிடக்கு? ராத்திரி அழுதியா?"

அழவில்லை. ஆனால் பத்து நாளாகவே காலையில் கண்ணைத் திறப்பது கனமாக இருந்தது. இமைகள் தடித்திருந்தன. கன்னத்தில் பதிந்த தலையணை மடிப்பு பதினொரு மணி வரை மறையாது.

நான் வேலைக்காகச் சீனாவில், குவாங்சோவில் இருக்கிறேன். இங்கே குளிர்காலம் முடிகிற சமயத்தில் 'ஹுய் நான் தியென்' என்று சில நாட்கள் வரும். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று திடீரென்று நுழையும். சுவரும் தரையும் அப்போதும் சில்லென்றே இருக்கும். அவ்வளவுதான், வீடு முழுக்க வியர்த்துவிடும். சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த நாட்களில் அலுவலகத்தில் யாருக்கு என்ன உபாதை என்றாலும் "ஷி ச்சி அதிகம்" என்பார்கள். உடம்பில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். எனக்கும் அதையே சொன்னார்கள். பக்கத்து மேஜைத் தோழி முகத்தில் தேய்த்துக்கொள்ள ஒரு ஜேட் கல் கொடுத்தாள். குவா ஷா கல். தேய்த்தால் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை திரும்பவும் அதே வீக்கம்.

சரி என்று ஒரு சீன மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் முகத்தை ஒரு நொடி பார்த்ததோடு சரி. நாக்கை நீட்டச் சொல்லி, அதன் ஓரங்களில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருப்பதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு காலாடையை ஏற்றச் சொன்னார். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மீது கட்டைவிரலை அழுத்தி, மெதுவாக ஐந்து எண்ணிவிட்டு எடுத்தார். தோல் உடனே நிமிர்ந்துகொண்டது.

"வீக்கம் முதலில் எங்கே வந்தது? இமையிலா, பாதத்திலா?"

"இமையில்தான்."

"சமீபத்தில் தொண்டை வலி வந்ததா? சிறுநீரில் நுரை நிற்கிறதா?"

மூன்று வாரம் முன்பு தொண்டை கட்டியிருந்தது. அதைச் சொன்னதும் பேனாவை எடுத்து சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். மருந்து அப்புறம்தானாம். கஷாயம் எழுதித் தருவார் என்று போன எனக்கு இது புதிதாக இருந்தது. முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில், கூட்டம் இல்லாததால், அவரே பொறுமையாக விளக்கினார்.

முகவீக்கத்தைச் சீன மருத்துவம் முகத்தின் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஓடும் வழியில் எங்கோ தடங்கல், அது முதலில் கண்ணில் படும் இடம் இமை. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான 'ஹுவாங்தி நெய்ஜிங்' நூலின் 'லிங்ஷு' பகுதியில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. உடம்பில் நீர் சேரத் தொடங்கும்போது இமை லேசாக வீங்கும், அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போலத் தெரியும் என்கிறது அது. பிறகு கழுத்து நாளம் துடிக்கும், இருமல் வரும், கால் வீங்கும், வயிறு பெருக்கும். அந்த வரிசையைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. வெறும் கண்ணாலும் கையாலும் எவ்வளவு பார்த்திருக்கிறார்கள்!

நீரை நடத்துவது மூன்று உறுப்புகளாம். மண்ணீரல் உண்ட உணவிலிருந்து நீரைப் பிரித்து மேலே அனுப்புகிறது. (இவர்கள் சொல்லும் மண்ணீரல் நம் உடற்கூறு நூலில் வருவது அல்ல, செரிமான வேலை முழுவதற்கும் வைத்த பெயர்.) நுரையீரல் அதை உடம்பெங்கும் பரப்பிக் கீழே இறக்குகிறது. சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நுரையீரலுக்கும் வீக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். மேஜையிலிருந்த தேநீர்க் குடுவையை எடுத்து, மூடியில் இருக்கும் சின்னத் துளையை விரலால் அடைத்துக் கவிழ்த்தார். இரண்டு சொட்டு விழுந்து நின்றுபோனது. விரலை எடுத்தார், தேநீர் ஓடியது. மேலே அடைத்துக்கொண்டால் கீழே இறங்காது, அதனால் சில சமயம் நுரையீரலைத் திறந்துவிட்டால் சிறுநீர் தானாகப் பிரியும் என்றார்.

ஹான் வம்சத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் வகுத்த விதி இன்றும் வழக்கில் இருக்கிறது: இடுப்புக்குக் கீழே வீக்கம் என்றால் சிறுநீரைப் பெருக்கு, மேலே என்றால் வியர்க்க வை. பின்னால் வந்த ஜூ தான்ஷி (1281–1358) வீக்கத்தை யாங், யின் என்று இரண்டாகப் பிரித்தார். யாங் வீக்கம் இமையில் தொடங்கி வேகமாகப் பரவும், அழுத்தினால் தோல் சட்டென்று எழும்பும். யின் வீக்கம் காலில் தொடங்கி மெல்ல ஏறும், அழுத்திய குழி அப்படியே நிற்கும். தொண்டைத் தொற்று வந்து ஓரிரு வாரம் கழித்து வரும் சிறுநீரக அழற்சியும் காலையில் இமை வீக்கமாகத்தான் தொடங்கும். அந்தக் கேள்வியும் பரிசோதனையும் அதற்காகத்தான்.

முடிவில் புரதம் இல்லை, ரத்தம் இல்லை. எனக்கு வந்தது மண்ணீரல் தளர்ந்து ஈரம் தேங்கிய வகை என்று ஏழு நாளுக்குக் கஷாயம் எழுதினார்: பைன் வேரில் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சை, பாய்ஜூ கிழங்கு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சித் தோல், பாக்கின் நார்த்தோல். தோலடி நீருக்குத் தோல்களையே மருந்தாக்குவது இவர்களுடைய பழைய வழக்கம். பட்டியலில் அதிமதுரத்தை எழுதியவர், என் ரத்த அழுத்தம் 138/90 என்று பார்த்ததும் அடித்துவிட்டார். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்திவைக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். பாதிச் சீனக் கஷாயங்களில் இருக்கும் சரக்கு அது!

இரவு பத்து மணிக்குப் பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம், ஐஸ் போட்ட பானம் வேண்டாம் என்றார். இரண்டு வாரத்தில் முகம் வடிந்தது. கஷாயமா, உப்பைக் குறைத்ததா, சுவர்கள் காய்ந்ததா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் இணையத்தில் மூலிகைப் பொட்டலம் வாங்காதீர்கள். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகளின் வேர் புழங்கியது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைகுறைப்பு மாத்திரையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் பல பெண்களின் சிறுநீரகமே செயலிழந்தது.

முகம் வடிந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எனக்கும்தான் சாயங்காலம் ஆனா கால் வீங்குது" என்றார். கட்டைவிரலால் அழுத்தி ஐந்து எண்ணச் சொன்னேன். போனைக் காலருகே கொண்டுபோய்க் காட்டினார். சின்னக் குழி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது எழும்பவே இல்லை. மறுநாளே தம்பியோடு டாக்டரிடம் அனுப்பினேன். இதயமும் சிறுநீரகமும் சரியாகத்தான் இருந்தன. ரத்த அழுத்தத்துக்கு எடுத்துவந்த அம்லோடிபின்தான் காலை வீங்க வைத்திருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.