ஓடுதுல்ல, அப்புறம் என்ன சார்?

மண்ணடியில் ஒரு கிளியரிங் கம்பெனி, மணலி பக்கம் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டை வாங்கியது. பத்திரத்தில் ஃபோர்க்லிஃப்ட், எடைமேடை, டீசல் டேங்க் வரைக்கும் கணக்கு இருந்தது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் டொமைன்களைப் பற்றி, அதாவது ஆட்களின் லாகினையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்புகளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அவற்றை ஒன்றாக்கும் வேலை எங்களிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது, வேறு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் வந்து வேலை செய்வதற்கு வாங்கும் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் பற்றி. "ரெண்டு பக்கமும் வாங்கி வெச்சிருக்கோமே சார், கூட்டிக்கலாம்" என்றார் அக்கவுன்ட்ஸ் பெரியவர்.

கூட்ட முடியாது. மண்ணடியில் வாங்கியிருந்தது ஆளுக்கு ஒன்று என்ற யூசர் லைசென்ஸ், மணலியில் இருந்தது மெஷினுக்கு ஒன்று என்ற டிவைஸ் லைசென்ஸ். இரண்டுமே அந்தந்த இடத்துக்குப் பொருத்தம்தான். மண்ணடி ஆள் ஆபீஸில் ஒரு சிஸ்டம், பையில் ஒரு லேப்டாப், ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் டேலியைத் திறப்பார், அவருக்கு ஒரே லைசென்ஸ் போதும். மணலி கேட்டில் ஒரே கம்ப்யூட்டர், மூன்று ஷிப்டிலும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அங்கே மெஷினுக்கு வாங்குவதுதான் லாபம். லைசென்ஸ்களை வைத்துக் கொடுக்கும் லைசென்ஸ் சர்வரில் இரண்டு வகையையும் ஏற்றி வைக்கலாம், ஆனால் ஆட்கள் வந்து வேலை செய்யும் செஷன் சர்வர் யூசர், டிவைஸ் என்ற இரண்டில் ஏதாவது ஒரு மோடில்தான் இருக்கும். ஆகவே எல்லாரையும் ஒரே சர்வரில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கணக்கு மாறிவிடும். கேட்டில் எல்லாரும் ஒரே பொது லாகினில்தானே வருகிறார்கள், யூசர் மோடில் ஒரு லைசென்ஸ் போதாதா என்றும் கேட்டார்கள். போதாது. அந்த லாகினுக்குப் பின்னால் எத்தனை மனிதர்களோ அத்தனை வேண்டும்.

மணலி சர்வரைப் புது டொமைனுக்கு மாற்றும் வேலையை ஒரு வெளி டீம் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் முடித்தது. திங்கள் காலை கேட் இன்சார்ஜ் போன் செய்தார்: "இன்னா தம்பி இது, ட்ரைலரு ரோடு வரைக்கும் நிக்குது, சிஸ்டம் உள்ளயே வுட மாட்டேங்குது." நடந்தது இதுதான். எந்த லைசென்ஸ் சர்வரிடம் கேட்பது, எந்த மோடு என்ற இரண்டு செட்டிங்கும் பழைய டொமைனின் குரூப் பாலிசி, அதாவது டொமைனே எல்லா மெஷினுக்கும் அனுப்பும் செட்டிங் பட்டியல் வழியாக வந்துகொண்டிருந்தன. டொமைன் மாறியதும் அந்தப் பாலிசி போய்விட்டது, புது டொமைனில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. புதிதாகப் போட்ட சர்வராக இருந்தால் லைசென்ஸ் சர்வர் இல்லாமலே ஆட்களை உள்ளே விடும் 120 நாள் சலுகைக் காலம் காப்பாற்றியிருக்கும். இது பல வருஷ சர்வர், அந்த 120 நாள் எப்போதோ தீர்ந்துவிட்டது. அட்மினுக்கென்று இருக்கும் வழியில் உள்ளே போய் இரண்டு செட்டிங்கையும் சர்வரிலேயே நேரடியாகப் போட்டதும் கதவு திறந்தது. அதற்குள் எண்ணூர் நெடுஞ்சாலை என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை, நின்றால் எல்லாருக்கும் தெரியும், யாராவது திட்டுவார்கள், சரி செய்துவிடுவோம். யூசர் மோடு அப்படி இல்லை, அது ஆளைத் தடுப்பதே கிடையாது. ஐம்பது வாங்கிவிட்டு எழுபது பேர் வந்தாலும் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு லைசென்ஸ் சர்வர் ரிப்போர்ட்டில் மட்டும் கூடுதலாகக் காட்டும். டொமைன் மாறும் சமயத்தில் அந்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியாது. யூசர் லைசென்ஸ் கொடுத்த விவரம் ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது டொமைனின் பெயர்ப் பதிவேட்டில், அந்த ஆளின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. எழுத வேண்டுமானால் லைசென்ஸ் சர்வர், ஆட்கள் இருக்கும் டொமைனில் டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ் என்ற குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும், இரு டொமைனும் ஒன்றின் லாகினை மற்றொன்று ஏற்கும் இருவழி டிரஸ்ட்டும் வேண்டும். பழைய காலத்துக் கணக்குகளில் அந்தக் குழுவுக்கு எழுதும் அனுமதியே இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்போது சர்வர் தன் குறிப்புகளை எழுதும் ஈவன்ட் லாகில் 4105 என்ற எச்சரிக்கை வரிசையாக விழும், வேலை பாட்டுக்கு நடக்கும். இன்னொரு பக்கம், ஒரே ஆளுக்குப் பழைய டொமைனில் ஒரு கணக்கு, புதியதில் ஒன்று என்று இருந்தால் நம்பகமான டொமைன்களையும் சேர்த்து எடுக்கும் ரிப்போர்ட்டில் அவர் இரண்டு பேராக வருவார். கொடுத்த லைசென்ஸ் காலாவதியாக 60 நாள் ஆகும், அதுவரை இந்த இரட்டைக் கணக்கு நீடிக்கும். ஒரு பக்கம் குறைவாகக் காட்டும், மறுபக்கம் கூட்டிக் காட்டும், இரண்டும் கலந்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு ஆடிட்டர் முன்னால் உட்கார முடியுமா?

இதைச் சொன்னபோதுதான் பெரியவர் கேட்டார், "ஓடுதுல்ல, அப்புறம் என்ன சார்?" அவரைக் குறை சொல்ல மாட்டேன், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு எப்படிக் கேட்பார். நான் ரிப்போர்ட்டை ஓரம் வைத்துவிட்டு எச்ஆரிடம் சம்பளப் பட்டியலை வாங்கி, யார் யார் ரிமோட்டில் வருகிறார்கள் என்று பெயர் பெயராக டிக் அடித்தேன். யூசர் லைசென்ஸ் கணக்குக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

கடைசியில் கேட், எடைமேடை கம்ப்யூட்டர்களுக்கு டிவைஸ் மோடில் ஒரு தனி செஷன் சர்வர், மற்ற எல்லாருக்கும் யூசர் மோடில் இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவாக மண்ணடியில் ஒரு லைசென்ஸ் சர்வர் என்று முடிவானது. இரண்டு செஷன் சர்வரும் விண்டோஸ் சர்வர் 2019, மண்ணடி யூசர் லைசென்ஸும் 2019-க்கு வாங்கியது என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை. மணலியில் இருந்தவை 2012 காலத்து லைசென்ஸ், அவை 2019 சர்வருக்குச் செல்லாது, புதிய லைசென்ஸ் பழைய சர்வருக்குச் செல்லும், தலைகீழாகச் செல்லாது. மணலியின் பழைய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவே 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆக கேட்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும் என்றேன். பெரியவர் கொட்டேஷனை இரண்டு தரம் பார்த்துவிட்டு, இதை யார்டு வாங்கும்போதே சொல்லியிருந்தால் விலையில் கழித்திருப்போமே என்றார். அது நியாயமான பேச்சு.