போர்டில் எல்லாம் பச்சை

தொழிற்சாலையில் லீன் பொறுப்பை, அதாவது வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கும் வேலையை, என்னிடம் கொடுத்த முதல் வருஷம் நான் செய்ததை இப்போது நினைத்தால் அது முழுக்க பெயிண்ட் வேலைதான். தரையில் மஞ்சள் கோடு, ஒவ்வொரு டூலின் உருவத்தையும் வரைந்து மாட்டி வைக்கும் நிழல் போர்டு, இடத்தை ஒழுங்காக வைத்திருப்பதற்கான ஃபைவ் எஸ் மார்க், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெரிய போர்டு, அதில் எல்லாம் சரி என்றால் பச்சை, பிரச்சினை என்றால் சிவப்பு மேக்னட், அப்புறம் தலைக்கு மாதம் இரண்டு கைசென், அதாவது சின்னச் சின்ன முன்னேற்ற யோசனை, என்று ஒரு டார்கெட். டார்கெட் வைத்தால் டார்கெட் வரும், சந்தேகமே வேண்டாம். மாதக் கடைசி இரண்டு நாளில் கொத்துக் கொத்தாக வந்தன, அதில் ஒரே குப்பைத்தொட்டியை மூன்று பேர் மூன்று இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

போர்டெல்லாம் பச்சை. ஆனால் கஸ்டமர் கம்ப்ளைன்ட் மட்டும் குறையவே இல்லை.

ஒரு நாள் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் ஒளித்து வைத்த ரிஜெக்ஷன் பீஸ்களைப் பார்த்துவிட்டு, ஏன் போர்டில் சிவப்பு போடவில்லை என்று ஆப்பரேட்டரைக் கேட்டேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "சிவப்பு போட்டா மறுநாள் மீட்டிங்ல நிக்க வெச்சு கேப்பீங்க சார். பச்சை போட்டா ஒண்ணும் கேக்க மாட்டீங்க." அந்த மீட்டிங்கை நடத்தியவன் நான்தான். மூன்று ஸ்லைடில் "பிரச்சினையை மறைக்காதீர்கள்" என்று எழுதி வைத்திருந்ததும் நான்தான்.

டொயோட்டாவின் ஆண்டான் கயிற்றைப் பற்றி எல்லா டிரெய்னிங்கிலும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், பிரச்சினையைப் பார்த்த தொழிலாளி அதை இழுத்தால் லைன் நின்றுவிடும் என்று ஒரு வீரக்கதை மாதிரி. உண்மையில் இழுத்தவுடன் நிற்காது. முதலில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லையைத் தொடுவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து சரி செய்ய முடியவில்லை என்றால்தான் லைன் நிற்கும். எனக்கு உறைத்தது அந்த "ஓடி வருவார்" என்ற இடம்தான். கயிறு கட்டுவதற்கு ஒரு எலக்ட்ரீஷியன் போதும், இழுத்ததும் ஓடி வர ஆள் வைப்பதும், வந்தவர் முதல் வார்த்தையாக "யார் பண்ணினது?" என்று கேட்காமல் இருப்பதும்தான் கஷ்டம். டொயோட்டா நிறுவனரின் அப்பா சாகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும், அந்த யோசனையின் பேரன்தான் இந்தக் கயிறு. தறி நின்றதற்காகத் தறியை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள்.

ஆட்கள் சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் ஃப்ரீமான்ட் கதையைச் சொல்வேன். கலிஃபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை அது, வேலைக்கு வராமல் போவதற்கும் சண்டைக்கும் பேர் போனது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக நம்மி என்ற பெயரில் திறந்தபோது பெரும்பாலும் அதே பழைய ஆட்களைத்தான் எடுத்தார்கள், கொஞ்ச நாளிலேயே தரத்தில் அந்த ஆலை நல்ல பெயர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த ஜான் கிராஃப்சிக்தான் 1988-ல் "லீன்" என்ற பெயரையே வைத்தார்.

சரி, நான் என்ன மாற்றினேன்? கைசென் டார்கெட்டைத் தூக்கினேன். காலை மீட்டிங்கைக் கான்ஃபரன்ஸ் ரூமிலிருந்து லைனுக்கு மாற்றி, நின்றுகொண்டே பதினைந்து நிமிஷம், சிவப்பை மட்டும் பேசுவது என்று வைத்தோம். பச்சையைப் பற்றிப் பேச்சே கிடையாது. முதல் வாரம் யாருமே சிவப்பு போடவில்லை. அப்புறம் ஒருவர், அநேகமாக என்னைச் சோதிக்கத்தான், மெஷினில் டையை (பீஸுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) மாற்றும்போது போல்ட் தேடியே நேரம் போகிறது என்று போட்டார். அன்றைக்கே போய் ஒரு டை மாற்றத்தை முழுசாக நின்று பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதில் கை வேலை செய்த நேரத்தைவிட கிரேனுக்காகக் காத்திருந்ததும், சரியான ஸ்பேனரைத் தேடி நடந்ததும்தான் அதிகம். டை மாற்றும் நேரத்தைக் குறைக்க ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ சொன்ன வழிதான், மெஷின் ஓடும்போதே செய்துவிடக்கூடியதை நின்ற பிறகு செய்யாதே. டிராலியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கினோம், போல்ட்டை ஒரே அளவாக்கினோம், நேரம் பாதிக்கும் கீழே வந்தது. அடுத்த வாரம் போர்டில் ஆறு சிவப்பு.

இங்கேதான் மேலிடத்தில் கேட்டார்கள், மிச்சமான நேரத்துக்கு எத்தனை ஆளைக் குறைக்கலாம் என்று. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் நிஜமாகவே சண்டை போட்டேன். தான் கொடுத்த யோசனையால் பக்கத்து மெஷின்காரர் வேலை போனால் அந்த ஆள் அடுத்த யோசனையைத் தருவாரா? டொயோட்டாவிலேயே 1950-ல் ஆட்குறைப்பு பெரிய போராட்டமாகி, நிறுவனர் கீய்ச்சிரோ டொயோடா பதவி விலக வேண்டி வந்தது. ஒருவழியாக, விடுபட்ட இரண்டு பேரை மெயின்டனன்ஸுக்கு மாற்றலாம் என்று ஒத்துக்கொண்டார்கள், எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

இரவு ஷிஃப்ட் போர்டு மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. நான் பகலில் மட்டும்தான் லைனுக்குப் போகிறேன், வேறென்ன காரணம் இருக்க முடியும். வாரம் ஒரு ராத்திரி போகலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், இன்னும் அப்ரூவல் வரவில்லை.