டர்பனில் ஒரு தமிழ் மன்றத்தைப் பதிவு செய்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் மன்றம் இப்போது முறைப்படி அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்பு. இதைக் கேள்விப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் ஜோஹானஸ்பர்கிலும் படிக்கும் சில மாணவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிவம், கையெழுத்து, முத்திரை எல்லாம் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். உறுப்பினர் விதி என்று ஒரே ஒரு பத்தி இருக்கிறது. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது, போக வேண்டியதும் அதற்குத்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் எங்களைப் பற்றி. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் காவடி எடுக்கிறோம், ஆடியில் கூழ் ஊற்றுகிறோம், புரட்டாசி வந்தால் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆனால் என் வயதுக்காரர்களில் தமிழ் பேச வருகிறவர்கள் குறைவு. என் அம்மா கோயில் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பவர் என்பதால் எனக்கு வந்தது. மன்றத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அவர்களுக்கு மொழியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மன்றம் வேண்டும் என்று நினைத்ததற்கு முதல் காரணம்.

மாணவர் நல அலுவலகத்தில் கேட்கும் தாள்கள் இவை: அமைப்பு விதிகள், தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், ஆதரவு தெரிவிக்கும் மாணவர்களின் கையெழுத்தும் மாணவர் எண்ணும், ஆண்டுத் திட்டம், வரவு செலவுக் கணக்கு. அலுவலகம் பார்த்த பிறகு அது மாணவர் பிரதிநிதிகள் சபைக்குப் போகும். எஸ்.ஆர்.சி. என்றுதான் எல்லாரும் சொல்வோம். 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் இந்தச் சபை இருந்தாக வேண்டும். ஆக, உங்கள் அமைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் சக மாணவர்களுக்கும் குரல் உண்டு. இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். அலுவலக மேசையில் கேட்காத கேள்விகளை மாணவர்கள் கேட்பார்கள்.

விதிகளுக்கு மாதிரியாக எங்கள் கைக்கு வந்தது ஒரு பழைய சங்கத்தின் பிரதி. அதில் “தமிழ் வம்சாவளி மாணவர்கள் உறுப்பினராகலாம்” என்று இருந்தது. எனக்கு அந்த வரி முதலிலிருந்தே ஒப்பவில்லை. குழுவில் சிலருக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் பயம் வெறும் பயம் இல்லை: “நாமே கொஞ்சம் பேர். யாரும் சேரலாம் என்று விட்டால், நாளைக்கு ஒரு அரசியல் கட்சியின் மாணவர் பிரிவு கும்பலாக வந்து சேர்ந்து, தேர்தலில் நின்று, மன்றத்தையே எடுத்துக்கொண்டு போய்விடும்.” வளாகத்தில் அந்த மாதிரி நடந்த கதைகள் எல்லார் காதிலும் விழுந்திருந்தன.

ஆனால் நாங்கள் இருக்கும் ஊர் டர்பன். 1949 ஜனவரியில் இந்த நகரத்தில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 ஜூலைக் கலவரம் எங்கள் கண்ணெதிரே நடந்தது. இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அமைச்சர் அறிவித்தார், இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள். என் சொந்தக்காரர்கள் அந்த வாரம் தெருமுனையில் தடுப்பு போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஆப்பிரிக்கர்கள் வாழும் இனாண்டாவில் இருப்பவர்கள் அந்தத் தெருக்கள் வழியாகப் போகவே அஞ்சினார்கள். இதெல்லாம் நடந்த ஊரில், பிறப்பைக் கேட்டுக் கதவைத் திறக்கும் ஒரு மன்றத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று குழுவில் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். 1968, 69இல் ஸ்டீவ் பீக்கோ இதே டர்பனில் மருத்துவம் படித்துக்கொண்டே சாசோ என்ற கறுப்பின மாணவர் அமைப்பை உருவாக்கியபோது, ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என்று நிறவெறி அரசு பிரித்து வைத்திருந்த மூன்று கூட்டத்தையும் கறுப்பர் என்ற ஒரே பெயரில் சேர்த்தார்கள். அப்போது இந்திய மாணவர்களுக்கென்று அரசு 1961இல் திறந்த கல்லூரி, துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய கட்டடங்களில் நடந்தது. இனம் பிரித்து ஒதுக்கிய அந்தத் தீவுக் கல்லூரியில் படித்த ஸ்ட்ரினி மூட்லி சாசோவில் முன்வரிசையில் நின்றார், அதற்காக ராபன் தீவுச் சிறைக்கும் போனார். மூட்லி என்பது முதலியார் வீட்டுப் பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில், சிறைக்குப் போகும் ஆபத்தோடு, வாசலைத் திறந்து வைத்தார்கள். நமக்கு எந்த ஆபத்தும் இல்லாத காலத்தில் நாம் மூடலாமா?

கடைசியில் வழி காட்டியது சட்டம் படிக்கும் எங்கள் செயலாளர். சேர்வதை எல்லாருக்கும் திறந்துவிடு, ஓட்டுப் போடும் உரிமைக்கு மட்டும் ஒரு பருவம் காத்திருக்கச் சொல். அந்தப் பருவத்தில் மன்றத்தின் வகுப்புக்கோ வேலைக்கோ வந்தவர்தான் ஓட்டுப் போடலாம். மன்றத்தின் நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். தமிழ் பிறப்பு என்ற பேச்சே இல்லை. கட்சிக்காரர் கும்பலாக வந்தாலும் ஒரே நாளில் எதையும் பிடிக்க முடியாது. பயந்தவர்களும் சரி என்றார்கள். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இந்த மூன்று வரிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் பாகுபாடு கூடாது என்ற விதி. நாட்டின் அரசியலமைப்பில் 9ஆம் பிரிவு இனம், பாலினம், பால் ஈர்ப்பு, ஊனம், மதம், மொழி என்று ஒரு நீண்ட வரிசை சொல்கிறது. அதை முழுதாக எங்கள் விதியில் எழுதினோம். எங்களுக்குப் பாத்திரமும் அரிசியும் தருவதாகச் சொல்லியிருந்த கோயில் குழுப் பெரியவர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எல்லாம் நல்லா இருக்கும்மா. இந்தப் பால் ஈர்ப்பு மட்டும் எடுத்துடுங்களேன். குழுவில கேள்வி கேப்பாங்க” என்றார். எங்கள் குழுவில் அந்த வரியால் நேரடியாகக் காக்கப்படுகிற பிள்ளை ஒருவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: “அங்கிள், வரிசையில் ஒன்றை எடுத்தால், நாளைக்கு மொழியை எடு என்று வேறொருவர் கேட்பார். அப்போது நமக்கு என்ன பதில்?” அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. அரிசி தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. வரியும் இருக்கிறது. அன்றைக்கு அதை விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் பேசியிருக்க முடியாது.

ஆண்டுத் திட்டம் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொங்கலுக்குப் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடக்கும், பிப்ரவரியில்தான் திறப்பார்கள். தீபாவளி தேர்வு நேரத்தில் வந்து நிற்கும். எங்களுக்குக் கிடைத்தது ஏப்ரலில் புத்தாண்டும், ஜூலை ஆகஸ்டில் ஆடியும். ஆடிக் கூழையே பெரிய நிகழ்ச்சியாக வைத்தோம். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது.

இங்கே ஏழை மாணவர்களின் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு நிதியம் ஏற்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் கிடைக்கும். 2015இல் கட்டண உயர்வை எதிர்த்து நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கியதன் தொடர்ச்சியாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு இது. பணம் தாமதமானால் விடுதியில் பிள்ளைகள் பட்டினி. வருமானம் 3,50,000க்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. என் வகுப்பில் ஒரு பெண் மத்தியானம் எப்போதும் நூலகத்தில் இருப்பாள். படிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். சாப்பிடக் காசில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நம் கோயில்களில் அன்னதானம் நடக்காத வாரம் இல்லை. அதையே வளாகத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? வாரம் ஒரு நாள் சாப்பாடு, யார் எவர் என்று கேட்காமல், என்று திட்டத்தில் சேர்த்தோம். உரிமை பற்றிப் பேசுகிற எந்த மாணவர் அமைப்பும் பசியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை உறுதியாக நம்புகிறேன்.

சாப்பாடு என்றதும் தாள்கள் கூடிவிட்டன. சமைக்கும் இடத்துக்கு, 2018இல் வந்த ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிகளின்படி நகராட்சி கொடுக்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பல்கலைக்கழகம் கேட்டது. மாணவர் விடுதி அடுப்பில் சமைத்துக் கொண்டுவர விடமாட்டார்கள். சான்றிதழ் உள்ள கோயில் சமையலறை ஒன்று கிடைத்ததால் பிழைத்தோம். நீங்கள் இதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாடாக இருந்ததில் ஒரு வசதி, முஸ்லிம் மாணவர்களும் தயங்காமல் வந்தார்கள். பணம்? மன்றத்துக்குத் தனி வங்கிக் கணக்கு கிடையாது. பல்கலைக்கழகக் கணக்கிலேயே ஒரு எண் தருவார்கள். நன்கொடை அதில் விழும், ரசீது காட்டித்தான் எடுக்கலாம். நேரம் எடுக்கும், ஆனால் பொருளாளர் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.

எஸ்.ஆர்.சி. முன்னால் விளக்கம் சொல்லப் போனபோது முதல் கேள்வியே கூர்மையாக வந்தது. “ஆட்சி மொழிகள் பன்னிரண்டு. அதில் தமிழ் இல்லை. மாணவர் பணத்தை இதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?” கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், சமூகங்கள் பேசும் மொழிகளை மதித்து வளர்க்க வேண்டும் என்ற இடத்தில், தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் பெயரோடு இருக்கின்றன. அதைப் படித்துக் காட்டினோம். அவர் தலையாட்டினார். ஆனால் அறையைத் திருப்பியது எங்களோடு வந்திருந்த இனாண்டாப் பெண் பேசியதுதான். அவள் ஜூலு, முதலாண்டு மாணவி. பக்கத்துக் கோயிலில் ஆடிக் கூழ் குடித்து வளர்ந்தவள். “2021க்கு அப்புறம் எங்க அம்மா என்னை அந்தப் பக்கம் விடல. இந்த மன்றத்தில நான் சேரலாம்னு எழுதியிருக்கு. அதனால வந்திருக்கேன்” என்று ஜூலுவில் சொன்னாள். அதற்குப் பிறகு அதிகம் கேள்வி வரவில்லை. இப்போது அவள் அ, ஆ தாண்டி உயிர்மெய்க்கு வந்துவிட்டாள், சாப்பாட்டு மேசையில் வரிசையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

அங்கீகாரம் ஓராண்டுக்குத்தான். ஒவ்வொரு ஆண்டும் ஆண்டறிக்கை, கணக்கு, புதிய கையெழுத்துப் பட்டியல் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு இப்போது நடுவில் ஒன்று நிற்கிறது. செவித்திறன் இல்லாத மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023இல்தான் ஆட்சி மொழிகளில் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும், எங்கள் கணக்கில் அந்தத் தலைப்பே இல்லை. ஆண்டு நடுவில் புதுத் தலைப்பு சேர்க்க மறுபடியும் எஸ்.ஆர்.சி. ஒப்புதல் வேண்டும், விண்ணப்பித்திருக்கிறோம். நீங்கள் முதல் ஆண்டுக் கணக்கு போடும்போதே அதற்கு ஒரு தொகையை எழுதிவிடுங்கள். விதிகளின் பிரதி வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.