மாசிக்கு எத்தனை நூல்?

எங்கள் பள்ளி அலுவலக வாசலில் ஓர் ஆணியில் நீளநோட்டு ஒன்று தொங்கும். ஆசிரியர், விடுதி வார்டன், சமையல்கட்டு ஆட்கள் என்று யாருக்கு எது உடைந்தாலும் அதில் எழுதிவிடுவார்கள். காலை 7.30 மணிக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 'ஏழாம் வகுப்பு, பெஞ்சு ஆடுகிறது.' 'விடுதி, லாக்கர் சாவி தொலைந்தது.' 'நூலகக் கதவு மூடவில்லை.' கதவைப் பற்றிய புகார் என்றால் மட்டும் தேதியையும் பார்ப்பேன். ஐப்பசியில் எழுதியிருந்தால் ஒரு வைத்தியம், மாசியில் எழுதியிருந்தால் வேறு வைத்தியம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு 31 கதவுகள் செலவாயின. அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் பிறந்தது சேலம் அம்மாப்பேட்டை. அப்பா தறி ஆசாரி. கைத்தறியில் நெய்த துணி சுருளும் படமரத்தை இழைப்பது, குழித்தறிக்குக் கால் நிறுத்துவது என்று வருஷம் முழுக்க வேலை இருந்த காலம் ஒன்று உண்டு. விசைத்தறி பெருகியதும் அது சுருங்கிப் போய்விட்டது. நான் நிலை, ஜன்னல் என்று வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 1998-இல் ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு கார்பென்டர் தேவை என்று மரக்கடைக்காரர் சொன்னார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, இடையில் இரண்டு முறை வாந்தியெடுத்து, மேலே வந்து சேர்ந்தேன். மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு. "பள்ளிக்கூடத்துல என்னடா அப்படி வேலை இருக்கப் போகுது, பத்து நாள்ல முடிஞ்சிரும்" என்றார் அப்பா. இன்னும் முடியவில்லை.

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே கார்பென்டர் என்றுதான் இருக்கிறது. ஆனால் மரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலையும் என்னிடம்தான் வரும். திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, பூட்டிக்கொண்ட கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே அழும் பையனை மீட்பது, ஆண்டு விழாவுக்கு மேடை போடுவது, மேடையில் வரும் அரண்மனைக்குத் தூண் செய்வது, கேரம்போர்டுக்குச் சட்டம் அடிப்பது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு மேசை நாற்காலி இழுத்துப் போடுவதும் சேர்ந்துகொள்ளும். புதிதாக ஒன்றை முழுசாகச் செய்து 'இது நான் செய்தது' என்று நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். சேர்ந்த புதிதில் அது பெரிய குறையாக இருந்தது.

சரி, கதவுக் கதை. வந்த முதல் ஐப்பசியிலேயே நோட்டு நிரம்பி வழிந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் மூடுபனி விலகாது, துவைத்த துணி காயாது. அந்த ஈரத்தில் கதவுகளெல்லாம் உப்பி நிலையோடு இறுகிப் பிடித்துக்கொண்டன. எனக்கோ திறமையைக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு. இழைப்புளியை எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் 31 கதவுகளைச் சீவித் தள்ளினேன். எல்லாம் பழைய காலத்துப் பலகைக் கதவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு நூல் போயிருக்கும். எங்கள் தொழிலில் 8 நூல் ஓர் அங்குலம். ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொண்டன. 'இப்பதான் ஒரு நல்ல ஆசாரி வந்திருக்கார்' என்று வார்டன் எல்லோரிடமும் சொன்னார்.

மாசி வந்தது. பனி விலகி வெயில் காய, மரமும் காய்ந்து சுருங்கியது. நான் சீவிய இரண்டு நூல், சுருங்கியது இரண்டு நூல், ஆக அரை அங்குல இடுக்கு. பென்சில் நுழைந்துவிடும். தாழ்ப்பாள் எட்டிப் பிடிக்க மாட்டாமல் வழுக்கியது. ராத்திரிக் காற்று விடுதிக்குள் ஊளையிட, பிள்ளைகள் அந்த இடுக்கில் செய்தித்தாளையும் பழைய சாக்ஸையும் திணித்துக்கொண்டு தூங்கினார்கள். அதே வார்டன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

எனக்கு முன்னால் அங்கே வேலை செய்த பெரியவர், நாகலூர்க்காரர், அந்தச் சமயம் ஏதோ பி.எஃப். காகிதத்துக்காக வந்திருந்தார். கதவுகளைப் பார்த்தார். திட்டவில்லை. "கதவு மேல ஏறிப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஏணி போட்டு ஏறினேன். கதவின் மேல் விளிம்பில், கீழே நிற்கும் யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பென்சிலால் எழுதி மேலே வார்னிஷ் பூசியிருந்தார். 'ஐப்பசி ஒட்டும். மாசி 2 நூல். தொடாதே.' அடுத்த கதவில், 'மாசி ஒன்றரை நூல். கீழ்க்கீல் தளர்வு.' ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஜாதகம் போல. நான் சீவியது பக்க விளிம்பை மட்டும் என்பதால் எழுத்து அப்படியே இருந்தது.

"மழையில ஒட்டுச்சுன்னா மெழுகுவர்த்தியத் தேய். அப்பவும் கேக்கலைன்னா பங்குனி வரைக்கும் பொறு. அப்புறம் சீவலாமா வேண்டாமான்னு அதுவே சொல்லும்" என்றார்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதிலும் எப்படி அறுத்த பலகை என்பதைப் பொறுத்து அசைவு ஒன்றுக்கு இரண்டாக மாறும். ஆண்டு வளையத்தின் போக்கிலேயே அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்காக அறுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டக் கதவுகளில் நடுப் பலகையைப் பசை போடாமல் வெறும் பள்ளத்தில் செருகியிருப்பது அதனால்தான். அது உள்ளேயே மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஆடுகிறதே என்று ஒரு முறை என் உதவியாள் அதில் ஃபெவிகால் ஊற்றி இறுக்கினான். அடுத்த வெயிலில் பலகை நடுவாக்கில் பிளந்தது. சேலத்தில் அறுப்பு மில்லில் காய்ந்து கிடக்கும் மரத்தை ஏற்றி வந்து மறுநாளே வேலை செய்தாலும் இதே கதைதான். அங்கே அளவாகப் பொருந்திய இழுப்பறை, 1500 மீட்டர் உயரத்துப் பனியில் ஒரே மாதத்தில் இறுகி நிற்கும். இப்போது வந்த மரத்தை இடையிடையே பட்டை கொடுத்து அடுக்கி, ஒரு மாதமாவது ஷெட்டில் போட்டு, மலைக்குப் பழக்கிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

அந்த 31 கதவுகளுக்கும் அந்தக் கோடை விடுமுறை முழுக்கத் தேக்குப் பட்டை ஒட்டினேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை.

இங்கே சுலபமாகக் கிடைக்கும் மரம் சில்வர் ஓக். காபித் தோட்டத்தில் நிழலுக்காக நட்டு, மேலே மிளகுக் கொடி படர விட்டிருப்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இழைத்தால் மேலே மீன் செதில் போலப் பளபளக்கும். அழகுதான், ஆனால் சரியாகக் காயவைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அதன் தூள் பட்டால் எனக்கு முழங்கை வரை தடித்து அரிக்கும். அலமாரித் தட்டுக்கு, பெட்டிக்கு என்றால் சரி. பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் பெஞ்சுக்கு அதைப் போட மாட்டேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தச்சன் என்றால் கைதான் வலிக்கும் என்று நினைப்பார்கள். எனக்கு முதலில் போனது முழங்கால். பெஞ்சு, டெஸ்க் எல்லாம் அடியிலிருந்து பார்க்க வேண்டிய சாமான்கள். ஒரு வகுப்பில் 20 டெஸ்க் என்றால் 20 முறை உட்கார்ந்து, மல்லாந்து, எழுந்திருக்க வேண்டும். பத்தாவது முறைக்கு மேல் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன். அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியோ சரிவில் கட்டியது. பட்டறை கீழே, விடுதி மேலே, நடுவில் படிகள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறேன் என்று நான் எண்ணுவதில்லை. எண்ணினால் வலிக்கும். எட்டுக்கு நாலு ப்ளைவுட், 19 மில்லிமீட்டர் கனம், ஒன்று 35 கிலோ இருக்கும். எடை பெரிதில்லை. மலைக்காற்று அடிக்கும்போது அது கப்பல் பாய் ஆகிவிடும். இரண்டு பேர் தூக்கினால்கூட முன்னால் போகிறவனைச் சுழற்றிவிடும்.

மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போய் உளி பிடிப்பதே தெரியாது. இடது கட்டை விரலின் அடியில் எனக்கு இருக்கும் தழும்பு அப்படி ஒரு காலையில் வந்தது. இப்போது முதல் அரை மணி நேரம் கூர்மையான எதையும் தொடுவதில்லை. டீ, அப்புறம் நோட்டு, அப்புறம் ஸ்க்ரூ முறுக்குகிற வேலை.

ரம்ப மெஷினில் நிற்கும்போது கண்ணாடி போடச் சொல்கிறார்கள். போட்டால் மூச்சுக்காற்றும் பனியும் சேர்ந்து கண்ணாடி வெளுத்துவிடும், கோடு தெரியாது. கழற்றினால் தூள் கண்ணில் விழும். கோடு தெரியாமல் ஓடும் பல்லுக்குப் பக்கத்தில் கையை வைப்பதைவிட மெஷினையே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பது மேல் என்று முடிவு செய்துகொண்டேன். நாலு பலகை அறுக்கும் நேரத்தில் மூன்று பலகைதான் ஆகும், ஆகட்டும். மூக்குக்கு ரொம்ப நாள் துண்டுதான் கட்டியிருந்தேன். எங்கள் உயிரியல் ஆசிரியர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது என்றார். மூக்கின் உள்ளறையைத் தாக்குமாம். அன்றிலிருந்து நல்ல முகக்கவசம். அப்பா கடைசி வரைக்கும் வெறும் மூக்கோடுதான் இழைத்தார்.

மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. தேர்வு அறையில் ஒரு டெஸ்க் ஆடினால் எழுதுகிற பிள்ளைக்கும் தொல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை. 'டக் டக்' என்று மூன்று மணி நேரமும் கேட்கும். முன்பெல்லாம் நீளமான காலைத் தேடி அறுப்பேன். அறுத்த டெஸ்க்கை வேறு இடத்தில் போட்டால் மறுபடி ஆடும். கடைசியில்தான் புரிந்தது, பழைய சிவப்புத் தரை அங்கங்கே அலை அலையாக இருக்கிறது. இப்போது டெஸ்க்குக்கும் தரைக்கும் ஒரே எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, அதது இடத்தில் போட்டு, அப்படியும் ஆடினால் காலுக்கடியில் ரப்பர் துண்டு. இது தச்சு வேலையா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து நான் செய்யும் நல்ல தச்சு வேலை அதுதான்.

இன்னொன்று, கீல் பக்கத்து இடுக்கு. கதவு திறந்திருக்கும்போது அங்கே ஒரு சந்து விழும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் விரலை வைத்திருக்க, இன்னொருவன் கதவைச் சாத்தினான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் போயிற்று. அந்த வாரமே சின்ன வகுப்புக் கதவுகள் எல்லாவற்றுக்கும் கீல் ஓரத்தில் ரப்பர் பட்டை அடித்துச் சந்தை மூடினேன். யாரும் நோட்டில் எழுதிக் கேட்ட வேலை இல்லை. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

மே மாதம் ஊரெல்லாம் கோடை விழாவுக்கு ஏற்காடு வரும். எங்களுக்கு அதுதான் உச்ச வேலை. விடுதிக் கட்டில்களை வரிசையாகக் கவிழ்த்து ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்க வேண்டும். சேலத்திலிருந்து கீலும் ப்ளைவுட்டும் ஏற்றி வரும் வண்டி சுற்றுலா கார்களுக்கு நடுவில் வளைவில் சிக்கி, காலையில் கிளம்பியது சாயந்திரம் வந்து சேரும்.

போன ஐப்பசியில் நூலகக் கதவு ஒட்டிக்கொண்டது. உதவிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி இழைப்புளியோடு ஓடி வந்தான். ஏணியில் ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது. அவனை ஏற்றிவிட்டு, மேல் விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன்.

துணியால் தூசியைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். "ஐப்பசி ஒட்டும். மாசி ரெண்டு நூல். தொடாதே." கொஞ்சம் நிறுத்தினான். "அதுக்குப் பக்கத்துல வேற கையெழுத்துல, 'தொண்ணூத்தெட்டு ஐப்பசி, நான் கெடுத்தது, பட்டை ஒட்டியிருக்கு'ன்னு போட்டிருக்குங்கண்ணா. யாருங்க அது?"

ஏணியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து மேலே நீட்டினேன்.